தவணையா, ஓட்டமா? வீட்டுக் கணனிக்கு எந்த லினக்ஸ்?



2025 ஒக்டோபர் மாதத்தின் நடுப்பகுதி. உக்குவளைப் பக்கத்துச் சகோதரி ஒருவர் தம் மகனோடு மத்ரஸாவுக்கு வந்திருந்தார். வீட்டிலிருந்தே தையல் வேலை செய்து குடும்பம் நடத்துபவர். அபாயாவும் பாடசாலைச் சீருடையும் தைக்கிறார். யாருடைய அளவு என்ன, யார் எவ்வளவு முற்பணம் தந்தார்கள், யாரிடமிருந்து இன்னும் எவ்வளவு வர வேண்டும் என்ற கணக்கெல்லாம் ஒரு பழைய மடிக்கணனியில் இருக்கிறது. மூத்த மகனுக்காக வாங்கிய கணனி இப்போது தாயின் கணக்குப் புத்தகமாகிவிட்டது.

“மௌலவி, விண்டோஸ் பத்து மௌத்தாகிட்டுதாமே! இனி இந்த மெசின் வேலை செய்யாதா? கடையில புதுசு வாங்கச் சொல்றாங்க. மவன் லினக்ஸ் போடலாம் என்றான். அவனுடைய கூட்டாளிமார் ரெண்டு பேரும் ரெண்டு லினக்ஸ் சொல்றாங்க. ஒருத்தன் சொல்றது அடிக்கடி புதுசாகிட்டே இருக்குமாம். மத்தவன் சொல்றது அஞ்சு வருஷத்துக்கு மாறாதாம். எனக்கு எது நல்லது?”

இந்தக் கேள்வி அந்தச் சகோதரி ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. அந்த ஆண்டு இறுதி வரை இதே கேள்வியை நான் பலமுறை கேட்டுவிட்டேன். மத்ரஸாவின் கணனிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். நானும் பட்டுத் தெரிந்துகொண்டவன்தான். அந்தப் பட்டறிவைத்தான் இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

நடந்தது என்ன?

2015 இல் வெளிவந்த விண்டோஸ் 10 க்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் தந்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு நின்றன. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பாவனையாளர்களுக்கு மட்டும் 2026 ஒக்டோபர் 13 வரை நீடிப்புக் கிடைத்தது. கணனி ஒரே நாளில் நின்றுவிடாது. ஆனால் திருடன் புகக்கூடிய ஓட்டை ஒன்று பிறகு கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்க ஆள் இல்லை. கதவுப் பூட்டு பழுதானால் பூட்டுக்காரர் இனி வரமாட்டார் என்பது போலத்தான்.

விண்டோஸ் 11 க்கு மாறலாமே என்று கேட்பீர்கள். அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும். இன்டெல் செயலியென்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருக்க வேண்டும். நம் வீடுகளில் உள்ள பல மடிக்கணனிகள் அதற்கு முந்தியவை. 2022 இன் நெருக்கடிக்குப் பிறகு புதிய கணனி வாங்குவது எத்தனை குடும்பங்களுக்குக் கைகூடும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

எனவேதான் லினக்ஸ். இது பணம் கொடாமல், எவருடைய உரிமையையும் திருடாமல், முறையாகப் பயன்படுத்தக் கூடிய பணிசெயல் முறைமை, அதாவது ஒப்பரேட்டிங் சிஸ்டம். களவுப் பிரதி விண்டோஸைப் பயன்படுத்தலாமா என்று மனம் உறுத்தும் குடும்பங்களுக்கு இதுவே பெரிய ஆறுதல்.

ஆனால் லினக்ஸ் என்பது ஒரே பொருளல்ல. உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா, ஆர்ச் என்று நூற்றுக்கணக்கான விநியோகங்கள் உள்ளன. ஒரே அரிசியில் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதமாகச் சமைப்பது போல. இவற்றைப் பல விதமாகப் பிரிக்கலாம். வீட்டுப் பாவனைக்கு முக்கியமான பிரிவு ஒன்றுதான்: தவணை முறையா, ஓட்ட முறையா?

குளத்து நீரும் ஆற்று நீரும்

கலேவெல பக்கத்துச் சகோதரிகளுக்குத் தேவஹூவ குளத்தைத் தெரியும. அந்தக் குளத்து நீர் நினைத்த நேரத்தில் வயலுக்கு வராது. பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்பு கன்னக் கூட்டம் கூடும். எந்தத் திகதியில் மதகு திறப்பது, எந்தத் திகதியில் மூடுவது, என்ன நெல் விதைப்பது என்று முடிவாகும். பிறகு அந்தப் போகம் முடியும் வரை அதுதான் ஒழுங்கு. நடுவில் கரை கசிந்தால் அடைப்பார்கள். ஆனால் வாய்க்காலின் திசையை மாற்ற மாட்டார்கள்.

தவணை முறை, அதாவது ‘ஃபிக்ஸ்ட் ரிலீஸ்’, இதைப் போன்றது. ஒரு குறித்த நாளில் ஒரு பதிப்பு வெளியாகிறது. அதிலுள்ள மென்பொருள்கள் பல மாதங்கள் ஒன்றோடொன்று சேர்த்துச் சோதிக்கப்பட்டவை. அடுத்த பதிப்பு வரும் வரை அவற்றின் பெரும்பகுதி அதே நிலையில் இருக்கும். பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே பொருத்தித் தருவார்கள். சட்டை கிழிந்தால் சட்டையையே மாற்றாமல் கிழிசலைத் தைத்துத் தருவது போல. மேற்சொன்ன சகோதரிக்கு இந்த உவமை உடனே விளங்கிற்று.

ஓட்ட முறை, அதாவது ‘ரோலிங் ரிலீஸ்’, சுது கங்கையைப் போன்றது. அதற்குத் தவணை இல்லை. பொல்கொல்லையிலிருந்து சுரங்கவழியாக உக்குவளைக்கு வரும் மகாவலி நீரும் சேர்ந்து அது ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓட்ட முறையில் ‘பதிப்பு’ என்ற பேச்சே இல்லை. ஒரு மென்பொருளின் புதிய வடிவம் வந்ததும், ஓரளவு சோதனைக்குப் பின் உங்கள் கணனிக்கும் வந்துவிடும். ஒருமுறை நிறுவினால் போதும். அதற்குப் பிறகு சிறிது சிறிதாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

இரண்டும் நீர்தான். இரண்டுக்கும் தேவை உண்டு. எதில் எதை விளைவிக்கப் போகிறீர்கள் என்பதே கேள்வி.

எவை எந்தப் பக்கம்?

தவணை முறையின் பழைய வீடு டெபியன். 1993 ஓகஸ்டில் ஐயன் மர்டொக் என்ற மாணவர் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை இதன் ‘நிலையான’ பதிப்பு வெளிவருகிறது. 13 ஆம் பதிப்பு 2025 ஓகஸ்ட் 9 இல் வந்தது. ஒவ்வொரு பதிப்புக்கும் மூன்றாண்டு முழு ஆதரவும் அதன்மேல் இரண்டாண்டு நீடித்த ஆதரவும் உண்டு.

டெபியனிலிருந்து பிறந்தது உபுண்டு. முதற்பதிப்பு 2004 ஒக்டோபரில் வந்தது. அதன் பதிப்பெண்ணே பிறந்த திகதிதான். 24.04 என்றால் 2024 ஆம் ஆண்டு ஏப்ரல். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும் நீண்ட ஆதரவுப் பதிப்புக்கு ஐந்தாண்டு திருத்தங்கள் கிடைக்கும். இடையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் பதிப்புகளுக்கு ஆயுள் ஒன்பதே மாதம். வீட்டுக்கு எடுக்கும்போது எல்.டி.எஸ். என்ற மூன்றெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

உபுண்டுவின் நீண்ட ஆதரவுப் பதிப்பின் மேல் கட்டப்பட்டது லினக்ஸ் மின்ட். 2024 ஜூலையில் வந்த மின்ட் 22 க்கு 2029 வரை ஆதரவு உண்டு. அதன் முகப்பு வகைகளில் ஒன்றின் பெயர் ‘சினமன்’, நம் மாத்தளைத் தோட்டங்களின் கறுவா! விண்டோஸ் பழகிய கைக்கு அது அந்நியமாக இராது. மிகப் பழைய கணனிக்கு எக்ஸ்-எஃப்-சி-ஈ என்ற இலகுவான முகப்பு உண்டு.

ஃபெடோராவும் தவணை முறைதான். ஆனால் தவணை குறுகியது. ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வரும், ஒவ்வொன்றுக்கும் பதின்மூன்று மாத ஆயுள். நம் அயலிலுள்ள கண்டியின் மலைப் பெயரைச் சூடி 2009 இல் இலங்கையில் வெளிவந்த ‘ஹந்தானை லினக்ஸ்’ இந்த ஃபெடோராவின் மேல் கட்டப்பட்டதே.

ஓட்ட முறையில் பேர்போனது 2002 இல் தொடங்கிய ஆர்ச். ஓபன்சூசே குழுவின் ‘டம்பிள்வீட்’ என்பதும் ஓட்ட முறைதான். ஆயினும் அவர்கள் ஒவ்வொரு தொகுதியையும் தானியங்கிச் சோதனைகளுக்கு உட்படுத்திய பின்பே வெளிவிடுகிறார்கள். புதுப்பித்தலுக்கு முன் கணனியின் நிலையைப் படம்பிடித்தது போலச் சேமித்து வைத்து, தவறினால் பின்னோக்கிப் போகும் வசதியும் அதில் உண்டு. எனவே ஓட்ட முறை என்றாலே ஆபத்து என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவதும் நீதியாகாது.

நான் பட்ட பாடு

என்னுடைய தவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பழைய மாணவர் ஒருவர் கணனிக் கல்வி முடித்துவிட்டு வந்து, “ஹஸ்ரத், பழசை எல்லாம் வைத்துக்கொண்டு இருக்கிறீர்களே” என்று அன்போடு கடிந்து, அலுவலகக் கணனியில் ஓட்ட முறை லினக்ஸ் ஒன்றை நிறுவித் தந்தார். அதன் பெயர் இங்கே தேவையில்லை. குற்றம் அதனுடையதல்ல, என்னுடையது.

ஆரம்பத்தில் எல்லாம் அழகாகவே இருந்தது. எந்த மென்பொருளும் புதியது. வாரம் ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளச் சொன்னார், செய்துவந்தேன். பிறகு ஷஃபான் மாதக் கடைசியில் மத்ரஸாவுக்கு ரமழான் விடுமுறை விட்டார்கள். கணனியை மூடி, துணி போர்த்திவிட்டு ஊருக்குப் போனேன். ஷவ்வால் மாதத்தில் திரும்பி வந்து திறந்தால், புதுப்பிக்க வேண்டிய பொதிகள் நூற்றுக்கணக்கில் வரிசையில் நின்றன. செய்திப் பக்கத்தில் அறிவிப்பு ஏதும் உண்டா என்று வாசிக்காமல் ‘சரி’ என்று அழுத்தினேன். பாதிவழியில் மின்சாரம் நின்றது.

மறுபடி மின்சாரம் வந்தபோது கறுப்புத் திரையில் இரண்டு வரி எழுத்துத் தவிர வேறொன்றும் இல்லை. மாணவர்களின் ஆண்டிறுதிப் பரீட்சைப் புள்ளிகள் எல்லாம் அதற்குள். பெற்றோர் கூட்டம் இரண்டு நாளில். பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை! உஸ்தாத்மார் விடைத்தாள்களைத் தேடியெடுத்து இரவிரவாகக் கையால் புள்ளிப் பட்டியல் எழுதினார்கள். மூன்றாம் நாள் அந்த மாணவர் ஒரு பென் டிரைவோடு வந்து, அதிலிருந்தே கணனியை எழுப்பிக் கோப்புகளை எல்லாம் வெளியே எடுத்துத் தந்தார். இறைவன் காத்தான். ஒன்றும் அழியவில்லை. ஆனால் விடைத்தாளைப் பரப்பிக்கொண்டு விளக்கடியில் உட்கார்ந்திருந்த அந்த உஸ்தாத்மாரின் முகத்தை நான் இன்றும் மறக்கவில்லை.

அன்று எனக்கு விளங்கியது இதுதான். ஓட்ட முறைக் கணனி ஒரு கறவை மாடு. ஒவ்வொரு நாளும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வாரமும் அதைப் பார்க்க ஆள் வேண்டும். மாடு வளர்க்கத் தெரிந்தவருக்கு அது பரக்கத். பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவருக்கு அது சுமை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி நம் மாவட்டத்தையும் தாக்கியது நினைவிருக்கும். மண்சரிவும் வெள்ளமும் வந்து, பல ஊர்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டன. அத்தகைய நாட்களில் எவர்தான் வாராவாரம் கணனியைப் புதுப்பிக்க முடியும்? தவணை முறைக் கணனி அப்படிச் சில வாரம் கிடந்தாலும், திறந்தவுடன் சேர்ந்திருக்கும் சில திருத்தங்களை மட்டும் ஏற்றுக்கொண்டு வேலையைத் தொடரும். ஓட்ட முறையில் நீண்ட இடைவெளிக்குப் பிறகு, பொதிகள் உண்மையானவையா என்று சரிபார்க்கும் சாவிக்கொத்தே காலாவதியாகி, முதலில் அதைப் புதுப்பிக்க வேண்டிய நிலைகூட ஏற்படலாம். தேவையானதை மட்டும் புதுப்பித்து மற்றதை விட்டுவைப்போம் என்றால் ஆர்ச் போன்றவற்றில் அதற்கும் இடமில்லை. புதுப்பித்தால் முழுவதையும் புதுப்பிக்க வேண்டும்.

டேட்டாவும் பணம்தானே

இணையக் கட்டணத்தை மாதப் பொதியாக எண்ணிச் செலவு செய்யும் வீட்டில் இதையும் சிந்திக்க வேண்டும். தவணை முறையில் வருவது பெரும்பாலும் திருத்தங்கள். உலாவி போன்ற சில மட்டும் முழுதாகப் புதிதாகும். ஓட்ட முறையில் எல்லா மென்பொருளும் ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் முழுதாக மீண்டும் இறங்கும். பிள்ளையின் ஸூம் வகுப்புக்கென்று வைத்திருந்த டேட்டா அதில் போய்விடலாம்.

புதியது எப்போதும் பாதுகாப்பா?

“புதிய பதிப்பு என்றால் பாதுகாப்பு அதிகமாக இருக்குமே” என்று பிள்ளைகள் வாதிப்பார்கள். பாதி உண்மை. 2024 மார்ச் 29 ஆம் திகதி உலகமே திடுக்கிட்ட ஒரு சம்பவத்தைப் பாருங்கள். லினக்ஸ் கணனிகளில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-ஸெட் என்ற சிறு மென்பொருளில் யாரோ ஒரு கள்ளக் கதவை ஒளித்து வைத்திருந்தார்கள். ‘ஜியா டான்’ என்ற பெயரில் வந்த ஒருவர் இரண்டாண்டுக்கும் மேலாக நல்ல உதவியாளராக நடித்து, நம்பிக்கையைப் பெற்று, அதன் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் நஞ்சைக் கலந்திருந்தார். அன்ட்ரெஸ் ஃப்ராயின்ட் என்ற பொறியியலாளர், தொலைக் கணனியில் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாக எடுக்கிறதே என்று சந்தேகித்துத் துருவியதால்தான் அது வெளிப்பட்டது.

அந்த நஞ்சு கலந்த பதிப்பு யாரைச் சென்றடைந்திருந்தது? டம்பிள்வீட், ஆர்ச், டெபியனின் சோதனைக் கிளைகள், ஃபெடோராவின் முன்னோட்டப் பதிப்பு ஆகியவற்றை. இவற்றில் ஆர்ச்சில் அமைப்பு வேறாக இருந்ததால் அந்தக் கதவு திறக்கும் வழி இருக்கவில்லை. டெபியனின் நிலையான பதிப்புக்கும் உபுண்டுவின் நீண்ட ஆதரவுப் பதிப்புகளுக்கும் அது போய்ச் சேரவே இல்லை. பிந்திச் சாப்பிடுகிறவருக்கு உணவு ஆறிப் போகலாம். ஆனால் கெட்டதா நல்லதா என்று முன்பே தெரிந்துவிடும்.

2022 ஓகஸ்டில் கணனியை எழுப்பும் ‘கிரப்’ என்ற மென்பொருளின் புதிய வடிவம் ஆர்ச் வழியில் வந்தபோது, அதைப் புதுப்பித்த பலரின் கணனிகள் எழும்பாமல் போனதும் நடந்ததுதான்.

நீதியாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தவணை முறையில் திருத்தத்தைப் பழைய பதிப்பில் பொருத்துகிறவர் மனிதர். 2006 இல் டெபியன் குழுவினர் ஓபன்-எஸ்எஸ்எல் என்ற மறைகுறியாக்க மென்பொருளில் செய்த சிறு மாற்றத்தால், இரகசியச் சாவிகள் எளிதில் ஊகிக்கக் கூடியவையாகிவிட்டன. 2008 மே மாதம் வரை அது எவர் கண்ணிலும் படவில்லை. தைத்த இடத்திலேயே கிழிசல்!

தவணை என்று சொல்லிவிட்டு வாக்கை மாற்றியவர்களும் உண்டு. சென்ட்-ஓஎஸ் 8 என்ற விநியோகத்துக்கு 2029 வரை ஆதரவு என்று நம்பி உலகெங்கும் நிறுவனங்கள் நிறுவியிருந்தன. 2020 டிசம்பரில், 2021 டிசம்பர் 31 உடன் அது முடிகிறது, இனி தொடர்ந்து மாறும் ‘ஸ்ட்ரீம்’ வடிவம் மட்டுமே என்று அறிவித்துவிட்டார்கள். ஆகவே காகிதத்திலுள்ள திகதியை மட்டும் பாராமல், பின்னால் நிற்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும்.

நமக்கென்று ஒரு லினக்ஸ் இருந்தது

இதற்கு நமக்கு நெருங்கிய உதாரணம் ஒன்றுண்டு. 2007 இல் ‘உபுண்டு முஸ்லிம் பதிப்பு’ என்று தொடங்கி, பிறகு ‘ஸபீலி’ என்று பெயர் மாறிய விநியோகம். அரபியில் ‘என் வழி’ என்று பொருள். குர்ஆன் ஓதிப் படிக்க ‘ஸிக்ர்’, தொழுகை நேரம் காட்ட ‘மின்பர்’, பிள்ளைகளுக்காக இணைய வடிகட்டி எல்லாம் அதில் ஆயத்தமாக இருந்தன. ஆர்வத்தோடு நிறுவியவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் உபுண்டு புதிய பதிப்பு விடுகிற ஒவ்வொரு தடவையும் அந்தச் சிறு குழுவினரும் தங்கள் பதிப்பை மறுபடி கட்டியாக வேண்டும். 11.10 பதிப்போடு, அதாவது 2011 இல், அது நின்றுவிட்டது. அதன் அடித்தளமான உபுண்டு 11.10 க்கு 2013 மே மாதத்தோடு திருத்தங்களும் முடிந்தன. பெயரின் மேலுள்ள அன்பினால் அதையே வைத்துக்கொண்டிருந்தவர்கள் பூட்டில்லாத வீட்டில் இருந்தார்கள்.

இதிலிருந்து பாடம் எளிது. பெரிய, நீடித்த குழுவின் விநியோகத்தை எடுங்கள். நமக்கு வேண்டிய மென்பொருளை அதன்மேல் சேர்த்துக்கொள்ளுங்கள். குர்ஆன் மென்பொருளும் அமீரி போன்ற அழகிய அரபு எழுத்துருவும் எந்த லினக்ஸிலும் போடலாம். தமிழ் தட்டச்சுக்குத் தமிழ்99 உண்டு. நம் நாட்டு ரெங்கநாதன் விசைப்பலகையும் ஐபஸ் எம்17என் என்ற பொதியில் இருக்கிறது.

பெரிய அளவில் பிள்ளைகளுக்குக் கணனி கொடுத்தவர்கள் எதைத் தேர்ந்தார்கள் என்பதையும் கவனியுங்கள். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் டெபியனின் மேல் கட்டப்பட்டது. 2011 இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய மாணவர் இலவச மடிக்கணனித் திட்டத்தில் விண்டோஸோடு அதுவும் சேர்த்தே வழங்கப்பட்டது. கேரளப் பாடசாலைகளுக்காக ‘கைட்’ அமைப்பு தரும் லினக்ஸ், உபுண்டுவின் நீண்ட ஆதரவுப் பதிப்பின் மேல் கட்டப்பட்டது. ஆயிரக்கணக்கான வகுப்பறைகளில் ஆசிரியர் ஒரே பாடத்தை ஒரே திரையைக் காட்டி நடத்த வேண்டுமானால், ஒவ்வொரு வாரமும் மாறுகிற முறை உதவாது.

அப்படியானால் ஓட்ட முறை யாருக்கு?

மிகப் புதிய கணனி வாங்கியிருக்கிறீர்கள், அதன் வை-ஃபையோ திரைச் சில்லோ நிலையான பதிப்பில் இயங்கவில்லை என்றால் ஓட்ட முறை கைகொடுக்கும். தகவல் தொழினுட்பத்தையே தொழிலாகக் கொள்ள விரும்பும் பிள்ளைக்கு அது நல்ல பயிற்சிக் களம். ஆர்ச்சைத் தன் கையால் நிறுவிய பிள்ளை, கணனி எழும்புவது எப்படி, வன்தட்டைப் பிரிப்பது எப்படி என்பதையெல்லாம் கற்றுக்கொள்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பெரிய மாற்றம் செய்யும் சிரமமும் ஓட்ட முறையில் இல்லை. தவணை முறையில் அந்த நாள் வந்தே தீரும். அன்று சோம்பல் பட்டுத் தள்ளிப்போட்டால், விண்டோஸ் 10 ஐப் போலவே இதுவும் பூட்டில்லாத வீடாகிவிடும்.

ஆகவே பிள்ளையின் ஆசையை அடக்க வேண்டாம். ஆனால் வீட்டின் கணக்கும் பிள்ளையின் பரிசோதனையும் ஒரே கணனியில் இருக்கக் கூடாது. ஒதுக்கி வைத்த பழைய கணனியைக் கொடுங்கள், உடைத்து உடைத்துப் பழகட்டும். வேறு கணனி இல்லையென்றால், வர்ச்சுவல்பொக்ஸ் என்ற மென்பொருளால் ஒரு கணனிக்குள் இன்னொரு கணனியைப் போல இயக்கிப் பார்க்கலாம்.

தவணை முறையில் இருந்துகொண்டே ஒன்றிரண்டு மென்பொருள்களை மட்டும் புதிதாக வைத்திருக்கவும் வழியுண்டு. ‘ஃப்ளாட்பெக்’ என்ற முறை மின்டில் ஆயத்தமாகவே இருக்கிறது. அடித்தளம் அசையாமல் மேலே வேண்டியதை மட்டும் புதுப்பிக்கலாம். சமையலறையை இடிக்காமல் அடுப்பை மாற்றுவது போல.

மாறுமுன் செய்ய வேண்டியவை

முதலாவது, பிரதி எடுங்கள். கணக்கு, படங்கள், சான்றிதழ்கள் யாவற்றையும் வெளி வன்தட்டிலோ பென் டிரைவிலோ பிரதி செய்து, வேறொரு கணனியில் திறந்து பார்த்த பிறகே அடுத்த வேலை. எந்த முறையைத் தேர்ந்தாலும் இது மாறாது.

இரண்டாவது, நிறுவாமலே சோதியுங்கள். பெரும்பாலான விநியோகங்களைப் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். வை-ஃபை, ஒலி, பிரிண்டர், கமெரா நான்கும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள்.

மூன்றாவது, உங்களுக்கு இன்றியமையாத மென்பொருள் எது என்று எழுதுங்கள். உலாவியில் செய்யும் வங்கி வேலையும் வட்ஸ்அப்பும் பிரச்சினையில்லை. வேர்ட், எக்செல் கோப்புகளை லிப்ரே ஒபிஸ் திறக்கும். சில வேளை அமைப்பு சற்று நகரலாம். விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருள் வைத்திருந்தால் அவசரப்படாதீர்கள்.

நான்காவது, கணனி 32 பிட் வகையா என்று பாருங்கள். உபுண்டு அவற்றைக் கைவிட்டு வெகுகாலமாகிறது. டெபியன் 13 இலும் அதற்கான நிறுவி இல்லை.

ஐந்தாவது, மின்டிலுள்ள ‘டைம்ஷிஃப்ட்’ என்பதை இயக்கி வையுங்கள். புதுப்பித்தல் தவறினால் முந்திய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அது பொதுவாக முறைமையை மட்டுமே காக்கும். உங்கள் கோப்புகளுக்குத் தனிப் பிரதி அவசியம்.

ஆறாவது, பிரச்சினை வந்தால் யாரிடம் கேட்பீர்கள்? உங்கள் ஊரில் எதைத் தெரிந்தவர் இருக்கிறாரோ அதுவே உங்களுக்கு நல்ல லினக்ஸ். பேர்போன விநியோகம் தூரத்தில் இருந்து என்ன பயன்?

அந்தச் சகோதரி என்ன செய்தார்?

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “பெருநாள் தையல் நேரத்தில் எது என்னைக் கைவிடாது மௌலவி?” ரமழான் கடைசிப் பத்தில் அவர் வீட்டு வாசலில் எத்தனை பேர் நிற்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த நாட்களில் ஒரு அளவுப் பட்டியல் காணாமல் போனால் அது கணனிப் பிரச்சினையல்ல, நம்பிக்கைப் பிரச்சினை. முற்பணம் வாங்கியது அமானிதம்.

மின்டின் நீண்ட ஆதரவுப் பதிப்பை மகனே நிறுவினான். முதல் நாளில் பிரிண்டர் முரண்டு பிடித்தது, இரண்டாம் நாள் சரியானது. கணக்கு முழுவதும் வெளி வன்தட்டில் ஒரு பிரதி, பழையபடி ஒரு கொப்பியிலும் எழுத்து. மகனுக்கு மாமாவின் வீட்டில் தூசி படிந்துகிடந்த ஒரு கணனி கிடைத்தது. அதில் அவன் ஆர்ச் நிறுவி, இருமுறை கெடுத்து, மூன்றாம் முறை எழுப்பிவிட்டதாக என்னிடம் பெருமையோடு சொன்னான்.

தாய் தையல் மெசினுக்கு மேலே சுவரில் ஒரு சிறு தாளை ஒட்டியிருக்கிறார். “2029 – கணனி மாத்தணும்” என்று எழுதியிருக்கிறது. தவணை முறையைத் தேர்கிற ஒவ்வொரு சகோதரியும் அப்படி ஒரு தாளை ஒட்டிக்கொள்ள வேண்டும். ஓட்ட முறையைத் தேர்கிறவர்கள் ஒட்ட வேண்டிய தாள் வேறு: “வெள்ளிக்கிழமை தோறும்.”

எந்தத் தாளின்படி உங்களால் நடக்க முடியும் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். விடை அங்கேதான் இருக்கிறது.